அடிமனை யாருடையது? சைதாப்பேட்டைத் தாலுகா முதல் தாம்பரம் மாநகராட்சி வரை

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கினார்கள். அடுத்த ஆண்டு நடந்த முதல் தேர்தலில் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. சென்னைக்கும் அப்படியே. அந்தச் செய்தியை நம் தோழர்கள் பலர் மகிழ்ச்சியோடு பகிர்ந்தார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால் அந்த மாநகராட்சியின் எழுபது வார்டுகளுக்குள்ளும் ஓரங்களிலும் வேறொரு கேள்வி கிடக்கிறது. வீட்டுவரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் குடும்பம் வங்கிக் கடனுக்குப் போனால் திருப்பி அனுப்பப்படுகிறது. கழிவுநீர்க் கால்வாயை அகலப்படுத்த அளவெடுக்கும் நாளில் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயரும் வந்து சேர்கிறது. இது ஏதோ காகிதத்தில் நேர்ந்த பிழை என்று நினைக்கும் மாணவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். இது பிழை அன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் மையமான ஒரு ஆவணம் உண்டு. அந்த ஆவணம் எழுதப்பட்டது நம் மாவட்டத்தைப் பற்றித்தான்.

இன்று தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை, மேடவாக்கம் என்று நாம் பேசும் ஊர்கள் வெள்ளையர் ஆட்சியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருந்தன. பெயர் செங்கல்பட்டு மாவட்டம் என்றாலும் 1859 முதல் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு மேல் ஆட்சியர் தலைமையிடம் சைதாப்பேட்டைதான். நவாபிடமிருந்து 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த பகுதி இது. சென்னைப் பட்டணத்துக்கு அரிசியும் வைக்கோலும் விறகும் ஆளும் அனுப்பிய நாட்டுப்புறம்.

இங்கே நிலம் மிராசி முறையில் இருந்தது. ஊரின் நிலத்தில் பரம்பரைப் பங்கு வைத்திருந்தவர் மிராசுதார். வெள்ளாளரும் பார்ப்பனரும் இன்னும் சில ஆதிக்க சாதியினரும் அந்தப் பங்குகளை வைத்திருந்தார்கள். பங்கு இல்லாமல் பயிரிட்டவர்கள் பாயக்காரிகள். இவர்கள் அனைவருக்கும் கீழே, நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் பண்ணையாள், படியாள் என்று அழைக்கப்பட்ட பறையர் குடும்பங்கள். ஊர் ஒரு பக்கம், நடுவே வயல், மறுபக்கம் சேரி. இந்த வரைபடம் நம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மிராசுதார் தன் பங்கு என்று சொன்னது வயலை மட்டும் அல்ல. தரிசையும், தோப்பையும், நத்தத்தையும், சேரி நின்ற மண்ணையும் சேர்த்துத்தான் சொன்னார். குடிசை உங்களுடையது. பனை ஓலையும் மண்சுவரும் உங்கள் உழைப்பு. அந்தக் குடிசைக்கு அடியில் இருக்கும் மண் மட்டும் அவருடையது.

அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 1843-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தபிறகு மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் ஆகிவிட்டது. காகிதத்தில் எல்லாரும் சுதந்திர மனிதர்கள். பிறகும் படியாள் ஏன் மிராசுதாரை விட்டுப் போகவில்லை? கடன் ஒரு காரணம். திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சில ரூபாய்க்குத் தன்னையும் பிள்ளைகளையும் ஈடாக எழுதிக்கொடுத்த பத்திரங்கள் அந்தக் காலத்தில் இருந்தன. கடனைவிடப் பெரிய காரணம் அடிமனை. வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னவன் அன்று மாலை எங்கே படுப்பான்?

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர் 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்ற அறிக்கையில் எழுதியது இந்த முடிச்சைப் பற்றித்தான். நம் மேடைகளில் அவர் பெயர் வரும்போதெல்லாம் உடனே 'பன்னிரண்டு லட்சம் ஏக்கர்' என்ற எண்ணும் வந்துவிடுகிறது. அறிக்கை பேசிய பொருள் அதைவிட விரிவானது. தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கும் தரக்காஸ்து விதி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தைப் பயிர் செய்கிறேன், வரி கட்டுகிறேன் என்று யார் வேண்டுமானாலும் மனு போடலாம். ஆனால் மனு போட்டதும் ஊரில் இருக்கும் மிராசுதாருக்கு முன்னுரிமை. பறையர் ஒருவர் மனு போட்டார் என்று தெரிந்தால் மிராசுதார் அந்த நிலத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பயிர் செய்வதற்காக எடுப்பதில்லை. தன் படியாள் தன்னை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக எடுப்பார். மனுவை எழுதித்தர வேண்டியவரும், கணக்கில் ஏற்ற வேண்டியவரும் ஊர்க் கர்ணமும் மணியக்காரரும். அவர்கள் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் தாண்டி மனு போட்டவனுக்கு இருக்கவே இருக்கிறது கடைசி ஆயுதம்: "என் மண்ணிலிருந்து குடிசையைப் பிரித்துக்கொண்டு போ."

நிலம் கொடுங்கள் என்றார் டிரெமன்ஹீர். அதோடு சேரி மக்களுக்கு வீட்டுமனையின் மீது உரிமை கொடுங்கள், பள்ளி கொடுங்கள் என்றும் கேட்டார். வீட்டுமனை பாதுகாப்பாக இல்லாத மனிதனுக்கு வயலைக் கொடுத்தால் அவனால் அதைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் இதில் இருக்கும் தர்க்கம். நம் இயக்கங்கள் வயலைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த அடிமனையைப் பற்றிப் பேசவில்லை என்பது நம் கருத்து. கிராமங்களில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். புறநகரில் வயலே இல்லை. இங்கே நம் மக்களிடம் மிச்சம் இருக்கும் நிலம், வீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த முக்கால் சென்ட், ஒரு சென்ட் மண்தான்.

டிரெமன்ஹீருக்கு மாலை போடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும், தோழர்களே. ஒரு வெள்ளைக்கார ஆட்சியர் மனமிரங்கி நமக்கு நிலம் கொடுத்தார் என்ற கதை பாதிக்கதை. செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் இருந்த வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் அந்த ஆண்டுகளில் சேரிகளின் நிலையை அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மதமாற்ற அக்கறையும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிஷனரிகளைத் தேடிப் போனது யார்? சேரி மக்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவர், கச்சேரிக்குக் கூட வரக்கூடிய ஒருவர் தேவைப்பட்டதால் போனார்கள். அதே 1891-ல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், நிலமற்றவர்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893-ல் 'பறையன்' பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பில் அச்சடித்து விற்ற துணிச்சல் அது. அரசாங்கம் கேட்கும் நிலைக்கு வந்தது இந்தக் குரல்களால்.

1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வருவாய்த்துறை ஆணை வந்தது. 1010, 1010-ஏ என்ற எண்கள் நம் சுவரொட்டிகளில் இன்றும் இருப்பவை. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்கும் வழி அதில் பிறந்தது. நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகள் வருவாய் வாரிய நிலையாணைகளில் இடம்பெற்றன. 'டி.சி. நிலம்', 'பஞ்சமி நிலம்' என்று நாம் சொல்வது இதைத்தான். அடிமனை விஷயத்தில் மட்டும் அரசு மிக எச்சரிக்கையாக நடந்தது. தரிசைக் கொடுத்தால் மிராசுதார் முணுமுணுப்பார். சேரி மண்ணைத் தொட்டால் வழக்குக்குப் போவார். வரி கட்டுகிறவரை வெள்ளையர் அரசு அவ்வளவு சுலபமாகப் பகைத்துக்கொள்ளாது.

அதனால் வீட்டுமனைக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1920-ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை தொடங்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்தை அதன் பொறுப்பில் விட்டார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கேதான். அதே ஆண்டு சட்டமன்றத்துக்குள் நுழைந்த எம்.சி. ராஜா நம் பரங்கிமலையில் பிறந்தவர். ரயிலில் தினமும் அந்த நிலையத்தைக் கடக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு எழுத வேண்டும் என 1922-ல் தீர்மானம் வரக் காரணமாக இருந்தவர் அவர். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. நடக்கும் மண்ணுக்கான உரிமை அது. படுக்கும் மண்ணுக்கு என்ன செய்தார்கள்? தொழிலாளர் துறை மிராசுதாரிடமிருந்து இடத்தைக் கையகப்படுத்தி, அதற்கான விலையைச் சேரி மக்களிடமே தவணையாக வசூலித்தது. பல தலைமுறையாக நம் பாட்டன்மார் வாழ்ந்த மண்ணைப் போலவே ஒரு மண்ணுக்கு, ஒரு நாளும் அதில் காலூன்றி உழைக்காதவருக்கு, நாம் தவணை கட்டினோம். அதுவும் கிடைத்த இடங்களில்தான்.

பிறகு ரயில் வந்தது. ரயில் பாதை முன்பே இருந்தாலும் 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதுதான் இந்தப் பகுதியின் தலையெழுத்தை மாற்றியது. ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பவர் சாயங்காலம் தாம்பரத்துக்குத் திரும்பி வந்துவிடலாம். 1937-ல் கிறித்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையை அரசு அதே 1937-ல் எடுத்துக்கொண்டது. அந்த நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது தோல் தொழிற்சாலை. ஊர்ப் பெயரில் 'குரோம்' இருக்கிறது, தோல் பதனிட்ட கைகளின் பெயர் எங்கும் இல்லை. விமானப்படைத் தளம், பின்னர் 1984-ல் ஏற்றுமதி மண்டலம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இந்த வளர்ச்சியில் மண்ணுக்கு விலை வந்தது. விலை யாருக்குக் கிடைக்கும்? பட்டா வைத்திருப்பவருக்கு. மிராசுப் பங்கு ரயத்துவாரிப் பட்டாவாக மாறியிருந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் மனைகளாகக் கூறுபோடப்பட்டு, முன்னால் ஏதாவது ஒரு சாமி பெயரோ தலைவர் பெயரோ சேர்த்து 'நகர்' ஆனது. அந்த வயலில் ஏர் ஓட்டிய குடும்பத்துக்கு விற்க ஒன்றும் இல்லை. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது, சுற்றிலும் நகர்கள் எழுந்தன. புதிதாகக் குடிவந்த நடுத்தர வர்க்கத்தாருக்கு அந்தச் சேரி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட குடிசைப்பகுதி போலத் தெரிந்தது. உண்மையில் அந்தத் தெருவில் அதைவிடப் பழையது ஏரியும் கோயிலும் மட்டும்தான். அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு அப்படி நினைக்கவில்லை. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் இங்கே இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தத் தலைகீழ்ப் பார்வையும் ஒரு காரணம்.

'காலனி' என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிடலாம். நம் பகுதியில் அதற்கு இரண்டு அர்த்தம். வங்கி ஊழியர் காலனி, ரயில்வே காலனி என்றால் மரியாதை. வெறுமனே "காலனிப் பையன்" என்றால் வேறு. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாற்றும் பெயிண்டர் வரும் நாளிலேயே சர்வேயரும் வந்து தெருவில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போனால் இன்னும் வரவேற்போம்.

1971-ஆம் ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று குடியிருப்பு உரிமைச் சட்டம். விவசாயத் தொழிலாளர் அடுத்தவர் நிலத்தில் குடியிருந்தால் அந்த அடிமனை அவருக்கே சொந்தம் என்றது. டிரெமன்ஹீர் எழுதி எண்பது ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது. இன்னொன்று குடிசைப்பகுதி மேம்பாடு, அகற்றல் சட்டம். நகரத்துக்கானது. கிராமத்து ஏழைக்குக் காலடி மண், நகரத்து ஏழைக்கு வாரியம் கட்டும் அடுக்குமாடி. இரண்டுக்கும் நடுவே தாம்பரம் மாட்டிக்கொண்டது. இங்கே சேரி மக்கள் அதற்குள் திரிசூலம், பம்மல் கல்குவாரிகளுக்கும், தோல் தொழிற்சாலைக்கும், ரயில்வேக்கும், கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். வயலே மனையான ஊரில் விவசாயக் கூலி என்று யார் சான்று தருவது? குடிசைப்பகுதிச் சட்டமும் கைகொடுக்கவில்லை. அந்தச் சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவித்தால்தான் அங்கே குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு. சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதன் பிறகு நீண்ட காலம் அறிவிப்பே இல்லை.

இதோடு பெல்ட் ஏரியா தடையும் சேர்ந்தது. சென்னை வளரும், எதிர்காலத் தேவைக்கு அரசு நிலம் வேண்டும் என்ற காரணத்தால், நகரைச் சுற்றி 32 கிலோமீட்டர் வட்டத்துக்குள் புறம்போக்கில் குடியிருப்பவருக்குப் பட்டா கொடுக்கக்கூடாது என்று 1962 முதல் கட்டுப்பாடு இருந்தது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள். மதுராந்தகத்தில் இருக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் இலவச வீட்டுமனைப் பட்டா, அதே மாவட்டத்தில் பெருங்களத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவுக்குக் கிடைக்காது. அரை நூற்றாண்டுக்கு மேல் இதுதான் நிலை. 2025 பிப்ரவரி 10 அன்று தமிழக அமைச்சரவை இதில் ஒரு தளர்வு கொண்டுவந்தது. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா, அதில் சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் அடங்கிய பெல்ட் ஏரியாவில் 29,187 பேர் என்று அறிவித்தார்கள். பல சாதியினரும் மதத்தினரும் இதில் பயன்பெறுவார்கள். அது நல்லதே. பட்டா இல்லாத எல்லோரும் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பட்டா இருப்பவர் எப்படிப் பட்டா பெற்றார் என்று பின்னால் போய்ப் பார்த்தால் மிராசு வந்து நிற்கிறது.

'ஆட்சேபணையற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீர்நிலை, மேய்க்கால், சாலை ஆகியவை ஆட்சேபணைக்குரியவை. புறநகர்ச் சேரிகளும் அவற்றிலிருந்து பிரிந்து சென்ற குடியிருப்புகளும் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? ஏரியின் தாழ்ந்த கரையில், கலங்கல் ஓரத்தில், வாய்க்கால் பக்கத்தில். மேட்டு நிலம் ஊருக்கு, பள்ளம் சேரிக்கு என்று ஒதுக்கிய காலத்தின் தொடர்ச்சி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரத்தில் பட்டாவோடு வாங்கிய அங்கீகரிக்கப்பட்ட மனைகளும் மூழ்கின. அவற்றுக்கு வெள்ளத்தடுப்புச் சுவரும் மூடு கால்வாயும் கேட்டார்கள், சரியான கோரிக்கை. ஆற்றோரக் குடிசைகளுக்கு மட்டும் பெரும்பாக்கம் என்று முகவரி எழுதினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நகரத்தின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டபோது நீர்நிலை என்ற நினைவு வராத நிர்வாகத்துக்கு, ஓலைக் குடிசையைக் கண்டால் அது வந்துவிடுகிறது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்த பூர்வகுடிகளைக் கொண்டுவந்து இறக்க நம் தென்புறநகர்தான் இடமானது. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள். செம்மஞ்சேரியில் 6,700-க்கு மேல். அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் தலித் மக்கள்தான் மிக அதிகம். பள்ளி பாதியில் நின்ற பிள்ளைகள், வீட்டுவேலைக்கு மயிலாப்பூர் வரை பேருந்தில் போகும் அம்மாக்கள், மழைக்கு மழை தண்ணீர் சூழும் செம்மஞ்சேரி. இவை பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இப்போது அந்தச் சக்கரம் புறநகருக்குள்ளேயே சுழல்கிறது. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். ஆண்டுக்கணக்காக அங்கே வாழ்ந்தவர்கள், இஸ்லாமியர்களும் தலித்துகளும் பிற ஏழைகளும். பலரைப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுக்குமாடியில் கிடைக்கும் ஒதுக்கீட்டு ஆணையில் சதுர அடி இருக்கிறது, காலடி மண் இல்லை. மிராசுதாரின் இடத்தில் வாரியம் வந்திருக்கிறது என்று சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். அடிமனை குடியிருப்பவருடையது இல்லை என்ற ஒரு விஷயத்தில் வேறுபாடு என்ன என்று அவர்களே சொல்லட்டும்.

வயல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'அசுரன்' படம் 2019-ல் வந்தபோது பஞ்சமி நிலம் என்ற சொல் கல்லூரி விடுதிகளில் எல்லாம் பேசப்பட்டது. அந்தக் கதை தென் மாவட்டத்தில் நடப்பது. அந்தச் சொல்லுக்காக உயிர் கொடுத்தவர்கள் நம் மாவட்டத்தவர்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூர்ப் பக்கம் காரணை. அங்கே 633 ஏக்கர் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிருந்தது. அதை மீட்கத் தலித் மக்கள் நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை நட்டார்கள். காவல்துறை சிலையை அகற்றியது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கித் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். அறிக்கை எழுதப்பட்டு நூற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சாலை பிறகு ஐ.டி. நெடுஞ்சாலை ஆனது, சென்ட் விலை லட்சங்களில் ஏறியது. பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் 2011-ல் குழு போட்டார்கள். எந்த ஆட்சி வந்தாலும் கணக்கெடுப்பு நடக்கிறது என்ற பதில் மட்டும் தவறாமல் கிடைக்கிறது.

கணக்கு எங்கே தொலைந்தது என்பது புரிந்தால்தான் அதைத் தேட முடியும். ஊர்க்கணக்கு 1980 வரை பரம்பரைக் கர்ணம் கையில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் அந்தப் பதவிகளை ஒழித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்குப் பெயர்களை மாற்றி எழுதும்போது 'டி.சி. நிபந்தனை' என்ற குறிப்பு பல இடங்களில் விடுபட்டுப்போனது. பிறகு கணினியில் ஏற்றியபோது விடுபட்ட பதிவேடுதான் ஏறியது. இன்று இணையத்தில் சிட்டா எடுத்தால் யாரோ ஒருவர் பெயர் சுத்தமாக வருகிறது, பின்னால் இருந்த நிபந்தனை வருவதில்லை. ஆதிதிராவிடர் நலத்துக்காக 1978-ல் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டத்தின்படி கையகப்படுத்திக் கொடுத்த வீட்டுமனைகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. மக்கள் கையில் பழுப்பேறிய ஒப்படைப் பட்டா இருக்கும், கிராமக் கணக்கில் அந்த இடம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலோ அரசு பெயரிலோ இருக்கும்.

நாங்கள் சில குடும்பங்களோடு ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது நடந்தது இது. எழுபது வயது அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பையில் நான்காக மடித்த பட்டாவை நீட்டினார். மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இது ஆன்லைன்ல இல்லையே, செல்லாதும்மா" என்றார். அந்த அம்மா, "ஆன்லைன்ல இல்லன்னா என்னா சார், நான் இருக்கேனே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மட்டும் மேலும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

ஆகவே சட்டம், வரலாறு, சமூகப்பணி படிக்கும் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஊர்ச் சேரியின் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'அ' பதிவேட்டின் நகலை மட்டும் கேட்காதீர்கள். அதில் யு.டி.ஆருக்குப் பின் எழுதியதுதான் வரும். யு.டி.ஆருக்கு முந்தைய நில அளவை, செட்டில்மெண்ட் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள், குறிப்பு என்ற கடைசிப் பத்தியோடு சேர்த்துக் கேளுங்கள். நத்தம் என்று இருந்தால் அது ஊர் நத்தமா சேரி நத்தமா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களைப் படம் எடுத்து வையுங்கள்: வரி ரசீது, ஒப்படை ஆணை, பள்ளிச் சான்றில் இருக்கும் முகவரி, எதுவாக இருந்தாலும். பெரியவர்களிடம் பழைய எல்லைகளைக் கேட்டு எழுதுங்கள். எந்த மரம், எந்தக் கிணறு, எந்த மதகு என்று அவர்கள் சொல்வார்கள். தாலுகா அலுவலகத்தில் "பழைய பதிவேடு இல்லை" என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

அதற்கும் முந்தைய ஆணைகளுக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தாம்பரத்தில் கடற்கரை வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காந்தி இர்வின் சாலை. செங்கற்சிவப்புக் கட்டடம். ஆய்வாளர் அனுமதிக்குக் கல்லூரித் துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டியது வருவாய்த்துறை, 1892 செப்டம்பர் 30.